மூன்று பெயர்களோடு நிறுத்துகிறவள்

அன்பு மகன் கூலேத்துக்கு அம்மா எழுதுவது. அந்தப் பனிக்குளிரில் உன்னையும் மருமகளையும் குழந்தையையும் அல்லாஹ் பத்திரமாக வைத்திருக்கட்டும். இங்கே நாங்கள் சுகம், ஆறு இந்த வருடம் வீட்டுக்குள் வராமல் கருணை காட்டிவிட்டது, ஆடு இரண்டும் குட்டி போட்டிருக்கின்றன, என் முழங்கால் மட்டும் பழையபடி முனகுகிறது, அதைப் பற்றி எழுதினால் நீ மருந்துப் பெயர்களாக அனுப்பியே என்னைக் கொல்வாய், விடு.

உன் தங்கை ஹிபாக்கை வானொலி வேலையை விடச் சொல் என்று போனில் கத்தினாயே, "துப்பாக்கி வச்சிருக்கிறவனுக்கு அவ வாசிக்கிறது பிடிக்கலைன்னா என்னம்மா ஆகும்?" என்று, அதற்குத்தான் இந்தக் கடிதம். எனக்கு மட்டும் பயம் இல்லையா? அவள் செய்தி வாசித்து முடிக்கும் வரை நான் ரேடியோவை விட்டு நகர்வதில்லை. ஆனால் நடந்ததை முழுதாகக் கேள். பாலத்துச் சண்டையில் என் கூடப்பிறந்த உன் மாமா வர்சமேயின் மகன் சமதார் போய்விட்டது உனக்குத் தெரியும். மாவு வாங்கப் போன பிள்ளை, ஆற்றின் இரண்டு கரைக் குலத்துக்காரர்களும் சுட்டுக்கொண்டதில் நடுவில் மாட்டிக்கொண்டான். அன்று மாலை ஹிபாக்தான் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தாள். இறந்தவர் பெயர், அவர் அப்பா பெயர், தாத்தா பெயர், அதற்குமேல் இன்னொன்றைச் சேர்த்தால் எந்தக் குலம் என்று நம் ஆட்கள் பிடித்துவிடுவார்களே, வெளிக் கிராமங்களில் ஆயுதத்தோடு காத்திருப்பவர்களுக்கு அது போதும், பழி தீர்க்கக் கிளம்பிவிடுவார்கள். இவள் எல்லோரையும் மூன்றோடு நிறுத்தினாள், இரு கரைப் பெயர்களையும் கலந்து வாசித்தாள், நம் சமதாருக்கு அடுத்து அக்கரைப் பெண்பிள்ளை ஒருத்தியின் பெயர். சமதாரோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள் உன் தங்கை, ஆனாலும் அவள் குரல் ஓரிடத்திலும் இடறவில்லை. நான்தான் ரேடியோவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் உன் மாமா துப்பாக்கிக்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு வானொலி வாசலுக்கே போய்விட்டார். கேள்விப்பட்டதும் நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். "எம்புள்ளை என்ன அநாதையா, மூணு பேரோட வெட்டி விடறதுக்கு? பாட்டன் முப்பாட்டன் எல்லாரையும் சொல்லு, யார் வீட்டுப் புள்ளை செத்தான்னு ஊரு உலகத்துக்குத் தெரியட்டும்" என்று ஒரே சத்தம். அவர் கேட்டது மரியாதையையா பழியையா என்று அவருக்கே தெரிந்திருக்காது, பாவம். பெரிய மீசை வைத்த மேனேஜரை மேசைக்கு அடியில்தான் தேட வேண்டியிருந்தது. உன் தங்கை வெளியே வந்தாள். "மாமா, மைக்குல சொல்ல மாட்டேன். உங்க முன்னாடி சொல்றேன், கேட்டுக்குங்க" என்று சமதாரில் ஆரம்பித்து, அவன் அப்பா, அவருக்கு அப்பா என்று மூச்சு விடாமல் ஏறிக்கொண்டே போனாள், ஆதிப் பாட்டன் வரைக்கும், ஒரு பெயர் தப்பவில்லை. அப்பா வழியை எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிக்கும், அம்மா வழியை யார் படிக்கிறார்கள்? நீ படித்தாயா? உன் மாமா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "இவ்வளவும் தெரிஞ்சு வச்சுக்கிட்டா வாசிக்காம விட்டே?" என்று கேட்டார். "நாலாவது பேரை நான் சொல்லியிருந்தா இந்நேரம் அக்கரையில ஒருத்தர் உங்கள மாதிரி உக்காந்திருப்பாரு மாமா" என்றாள். அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார், கூட வந்தவர்கள் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரைத் தூக்கினார்கள். நம் பக்கத்திலிருந்து யாரும் பாலம் தாண்டவில்லை. இன்றுவரை தாண்டவில்லை, நாளையை அல்லாஹ் அறிவான். என் வயிற்றில் பிறந்தவளா இவள் என்று எனக்கு மலைப்பாக இருந்தது, கூலேத்.

அப்புறமும் நான் உன் பேச்சை எடுக்காமல் இல்லை. தோசை சுட்டு எள்ளெண்ணெய் விட்டுக் கொடுத்துவிட்டு, "அண்ணன் அவன்கிட்டயே வந்துடச் சொல்லிக் கூப்பிடறான், போயேன்டி" என்றேன். வாய் நிறைய வைத்துக்கொண்டு, "நான் போனா யாரு வாசிப்பா, அந்த மீசையா?" என்றாள். சிரித்துவிட்டேன், என்ன செய்ய. பிறகு அவள் சொன்னதை எழுதக் கை வரவில்லை. கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாளாம், "என் பேரை வாசிக்கிற நாள் வந்தா அதையும் மூணோட நிறுத்திடுங்க" என்று. "நீயும் மாமா மாதிரி வாசலுக்கு வந்து நிக்கக் கூடாதும்மா, சத்தியம் பண்ணு" என்று என் கையைப் பிடித்தாள். பெற்றவளிடம் கேட்கிற சத்தியமா இது? திட்டினேன், அழுதேன், கடைசியில் செய்து கொடுத்துவிட்டேன்.

அதனால் வேலையை விடு என்று இனி நான் அவளிடம் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே. நேற்று நன்றாக வாசித்தாய் என்று ஒரு வார்த்தை சொல், அது போதும். ஐந்து வேளையும் உனக்காகத் துஆ கேட்கிறேன், உன் குடும்பம் தழைக்கட்டும், குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. இன்னொன்றும் மறந்துவிடாதே. நீ அவளுக்கு ஒரே அண்ணன், அவளுக்கு ஏதாவது ஆனால் பழி தீர்க்க வருவாயா என்று எல்லோரும் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் செய்த சத்தியத்தை நீயும் செய். செய்தேன் என்று உன் கையால் எழுதி அனுப்பு.

உன் அம்மா,
அர்தோ