செருப்பு வைக்கும் இடம்

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் சுவரில் இருக்கும் படங்களைத் துடைத்தேன். பெரியவன், மகளின் மூத்த பையன், இன்ஜினியர். கறுப்பு அங்கியும் தொப்பியுமாகப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கல்லூரியிலேயே இரண்டாவது. (முதல் ஆள் அங்கே பாடம் நடத்துகிறவரின் பிள்ளை, அது கணக்கில் சேராது.) அவன் தங்கை வங்கித் தேர்வில் ஒரே தடவையில் தேறினாள். மகன் வீட்டுப் பெண்ணுக்கு ஓட்டப்பந்தயத்தில் மூன்று கோப்பை. கடைக்குட்டிக்கு ஆறு வயது, பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேரப்பிள்ளைகள் இவர்கள்!

பெரியவன் பத்து நாள் என்று சொல்லி, முதுகில் பையை மாட்டிக்கொண்டு அந்த மலை ஊருக்குப் போனான். மனசுக்கு அமைதி வேண்டுமாம். ஐந்து மாதம் ஆகிறது. "இங்கயே இருக்கப் போறேன், தேட வேண்டாம்" என்று ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு போன் அணைந்தே கிடக்கிறது. மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. மருமகனோ, "அவன் பேச்சையே இந்த வீட்டுல எடுக்காதீங்க" என்கிறார்.

"நான் போய்க் கூப்பிட்டா வராமப் போயிடுவானா?" என்று சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும்.

பிப்ரவரி 13, வெள்ளி

பேத்தி தன் முதுகுப்பையைக் கொடுத்தாள். மாட்டிப் பார்த்தேன். ஆமை மாதிரி இருக்கிறேன். பட்டமளிப்புப் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, சேலைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 14, சனி

வந்து சேர்ந்தேன். இந்த ஊரில் தெருவே இல்லை, எல்லாம் படிக்கட்டு. மூடுபனி கடைக்குள் நுழைந்து, விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர் மாதிரி திரும்பிப் போகிறது. இரண்டு கடைக்கு ஒரு பலகை: 'மூன்றே நாளில் மன அமைதி.' பக்கத்துக் கடைக்காரன் இரண்டே நாளில் தருகிறானாம். நாய்கள்கூடக் குரைக்காமல் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கின்றன.

தங்குமிடத்தில் ஓர் அறைக்கு ஆறு பேர், கட்டிலுக்கு மேல் கட்டில். எல்லாம் பையோடு ஊர் சுற்றும் சின்னஞ்சிறுசுகள். என் மேல்கட்டில் பெண் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டாள்: "பாட்டி, தனியாவா மலை ஏற வந்தீங்க?"

"ஆமாம்மா. இது அஞ்சாவது மலை" என்றேன். நம்பிவிட்டாள், பாவம்.

எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிறார்கள். யாரும் யாரையும் எங்கிருந்து வந்தாய், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே ஒருவன் தொலைந்து போனால் யாருக்குத் தெரியும்?

பிப்ரவரி 15, ஞாயிறு

வருகிறவர்கள் எல்லாரும் பெரிய தியான மண்டபத்துக்குத்தான் போகிறார்கள். வாசலில் செருப்பு வைக்கும் இடம். அங்கிருந்தவன் குனிந்தபடியே என் செருப்பை வாங்கி, டோக்கனை நீட்டினான். உள்ளே முந்நூறு பேர் மூச்சு விடும் சத்தம் மட்டும். முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் படத்தைக் காட்டினேன். அலுவலக அறையில் காட்டினேன், புத்தகக் கடையில் காட்டினேன். "இப்படி யாரும் இல்லம்மா." பெரிய படிப்புப் படித்தவன், இன்ஜினியர் என்று எடுத்துச் சொன்னேன். சிரித்தார்கள்.

பிப்ரவரி 16, திங்கள்

இன்றும் இல்லை. முழங்கால் வலி.

பிப்ரவரி 17, செவ்வாய்

படியேறும்போது செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்தி இழுத்துக்கொண்டே போய் வாசலில் கொடுத்தேன். மேல்கட்டில் பெண் கூட வந்திருந்தாள். "செருப்பு வைக்கிறவர்கிட்ட படத்தக் காட்டினீங்களா பாட்டி? அவர்தான் எல்லாரையும் பாக்கிறவரு."

"செருப்பு வைக்கிறவனுக்கு என்னம்மா தெரியும்?" என்றேன்.

சாயங்காலம் அறைக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். ஊக்கு இல்லை. வார் தைத்திருக்கிறது. நாலு சுற்று, குறுக்கே இரண்டு, முடிச்சு உள்பக்கம். நான் சட்டைப் பொத்தான் தைக்கும் தையல். ஒரே ஒருத்தனுக்குத்தான் சொல்லிக் கொடுத்தேன், அவன் கல்லூரி விடுதிக்குக் கிளம்பிய அன்று.

மூன்று நாள். மூன்று நாளும் அவன் கையில்தான் கொடுத்திருக்கிறேன். ஐயோ, அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லையே!

பிப்ரவரி 18, புதன்

விடிந்ததும் போய்விட்டேன். மொட்டைத் தலை, கன்னம் ஒட்டி, கண் மட்டும் அதே கண். அழவில்லை நான். திட்டத்தான் வந்தது.

"என்னைய அடையாளம் தெரியலையாடா?"

"முதல் நாளே தெரிஞ்சது பாட்டி. உங்க செருப்பப் பாத்தே தெரிஞ்சது."

"அப்ப ஏன்டா வாயத் தொறக்கல?"

"நீங்க நிமிர்ந்து பாப்பீங்கன்னு நின்னேன்."

அடுக்கியிருந்த செருப்புகளைக் காட்டினேன்.

"இதுக்காடா படிச்ச? ஊரான் செருப்ப அடுக்கவா?"

"இங்க நானாத்தான் கேட்டு வாங்கின வேலை பாட்டி. தூக்கம் வருது. அங்க ரெண்டு வருசமா நான் தூங்கல, உங்க யாருக்காச்சும் தெரியுமா?"

தெரியாது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தபோது, ராப்பகலா உழைக்கிறான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அம்மா சாப்பிடுவதில்லை என்றேன். கண் கலங்கினான். வா என்றேன். தலையை ஆட்டினான், இல்லை என்று. கையைப் பிடித்து இழுத்தேன். இழுத்த பக்கம் வருவதற்கு அவன் என்ன ஆறு வயதுப் பிள்ளையா? மணி அடித்தது, கூட்டம் வந்துவிட்டது. யாரோ என்னைத் தாண்டி அவனிடம் செருப்பை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டான்.

பிப்ரவரி 19, வியாழன்

பேருந்தில். பக்கத்து இருக்கை காலி. இரண்டு பேருக்கு இடம் பிடித்திருந்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "சாப்பிடுறானாம்மா?" சாப்பிடுகிறான், தூங்குகிறான் என்றேன். மருமகன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, "என்ன வேலையாம்?" என்றார். "மண்டபத்துல பொறுப்பு" என்றேன். வாய் வரவில்லை. இப்போதும் எனக்கு வாய் வரவில்லையே, என்ன பிறவி நான்?

மார்ச் 5, வியாழன்

மாடி வீட்டு அம்மா வந்தாள். வெறும் சட்டத்தைப் பார்த்து, "பெரியவன் இப்ப எந்தக் கம்பெனியில?" என்றாள். மருமகனும் இருந்தார்.

"செருப்பு வைக்கிற இடத்துல" என்றேன். "அறுந்தாத் தைச்சும் கொடுக்கிறான்."

மருமகன் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த அம்மா காப்பியைக் குடிக்காமலே கிளம்பினாள். என்னால் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது. அவனையும்தான்.

மண்டபத்து முகவரிக்குக் கடிதம் எழுதினேன். தபாலில் போடும் முன் இங்கே ஒரு பிரதி:

'பெரியவனுக்கு. வா என்று சொல்லவில்லை. என்னிடம் இருக்கும் படத்தை அந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்கும் இப்போது அது யாரோ மாதிரி இருக்கிறது. சட்டம் காலியாக இருக்கிறது. புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பு. அங்கி வேண்டாம். அந்த இடத்திலேயே நின்று எடு. குனியாதே, முகம் தெரிய வேண்டும். - பாட்டி.'