நீல டேப்

கார் ராலி பந்தய வீரர் ஐயா அவர்களுக்கு,

"என் பொண்டாட்டி பண்ணின ஒயரிங்தான் எஞ்சினைக் காவு வாங்கிடுச்சு"ன்னு ஊரெல்லாம் தண்டோரா போட்டீங்களாமே. காலையில டேஷ்போர்டைக் கழட்டிப் பார்த்தேன். ஆயில் பிரஷர் குறைஞ்சா எரியுற சிவப்பு விளக்கோட ஒயரை வெட்டி, நீல டேப் சுத்தியிருக்கு.

நான் டேப் சுத்துறவ இல்ல. ஒவ்வொரு இணைப்புக்கும் ஈயத்தை உருக்கி சால்டர் வெச்சு, மேல டியூப் போடுறவ. அதே நீல டேப்தான் உங்க ஸ்டியரிங்லயும் இருக்கு.

போன பயிற்சியில, அந்தச் சிவப்பு விளக்கு கண்ணை உறுத்துதுன்னு என்மேல எரிஞ்சு விழுந்தீங்க. எரிஞ்சா ஆயிலைப் பாருங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.

ஒயரைச் சேர்த்துட்டேன். புது எஞ்சின் வந்ததும் நானே ஓட்டிக்கிறேன். உங்க சீட்டைக் கழட்டி வாசல்ல வெச்சிருக்கேன். பக்கத்துலயே உங்க துணிப்பெட்டியும் இருக்கு.

எழுதினது,
ஒயரிங் தெரியாதவ