சுவிட்சில்தான் கோளாறு

மார்ச் 4
கடைத்தெருவில் இவர் காரை இடப்பக்கம் திருப்பும்போது பைக்கில் வந்த ஒருவன் மயிரிழையில் தப்பினான். வந்து கண்ணாடியைத் தட்டினான். "இண்டிகேட்டர் லைட்டே போடாம திரும்புறீங்களே பெரியவரே, வீட்டுக்குப் போக வேணாமா நாங்க?" இவர் முகம் சுண்டிப்போயிற்று. "நான் போட்டேன். சுவிட்சுதான் சரியில்ல" என்றார் என்னிடம்.

வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். சுவிட்சாகத்தான் இருக்கும்.

மார்ச் 5
வாசலில் வண்டியை நிறுத்தி, இவரைச் சுவிட்சுப் போடச் சொல்லி, பின்னால் நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரி! இடப்பக்கம் தள்ளினால் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. எனக்கு அத்தனை சந்தோஷம். வண்டி கெட்டதற்கு யாராவது சந்தோஷப்படுவார்களா?

சாயங்காலம் மகள் போனில், "அம்மா, அப்பா கொஞ்ச நாளாவே ஒரு மாதிரி இருக்காரு. டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்றாள். "சுவிட்சு கெட்டா டாக்டர்கிட்டயா போவாங்க?" என்று கத்திவிட்டேன். பாவம், அவள் போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 8
காலையிலேயே இருவரும் உட்கார்ந்துவிட்டோம். பேட்டரி வயரை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். சுவிட்சை உருவி மடியில் வைத்துப் பிரித்ததும், உள்ளிருந்த குட்டி ஸ்பிரிங் தெறித்து ஓடிவிட்டது. சீட்டுக்கு அடியில், மிதியடிக்குக் கீழே, எங்கும் இல்லை. கடைசியில் பார்த்தால் என் கொண்டையில் உட்கார்ந்திருக்கிறது! "திருடி" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இடப்பக்கச் செம்புத் தகடு கரிபிடித்துக் கிடந்தது. உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தார், நான் துடைத்துக் கொடுத்தேன். மாட்டியதும் விளக்கு டிக் டிக்கென்று அடித்தது. நிறுத்தவே மனம் வரவில்லை எனக்கு.

மார்ச் 9
மகளிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

மார்ச் 13
பக்கத்தில் உட்கார்ந்து என் கண்ணால் பார்த்தேன். வலப்பக்க விளக்கைப் போட்டார். டிக் டிக். இடப்பக்கம் திரும்பினார்.

பின்னால் வந்த லாரி அலறியது. எப்படித் தப்பினோமோ. வீடு வந்ததும் சொன்னார், "இன்னும் சரியாகல பாரு. மறுபடி கழட்டணும்."

ஆமாங்க என்றேன்.

மார்ச் 14
மறுபடி கழற்றினார். அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தே டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். தகடு பளபளவென்று இருந்தது. மாட்டிவிட்டு இடப்பக்கம் தள்ளினார், இடப்பக்கம் எரிந்தது. வலப்பக்கம் தள்ளினார், வலப்பக்கம் எரிந்தது. மீண்டும் மீண்டும் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது நல்லாத்தான் இருக்கு" என்றார். என்னைப் பார்க்கவில்லை. "நேத்து எந்தப் பக்கம் போட்டேன்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ரைட்டு."

"திரும்புனது?"

"லெஃப்ட்டுங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு மூடியைப் பொருத்தி, ஒவ்வொரு திருகாகப் போட்டு முடுக்கினார். எதுவும் தடுமாறவில்லை, எதுவும் மிச்சமில்லை. கை ஒன்றையும் மறக்கவில்லையே! அதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது. சமையலறைக்குப் போய் அழுதேன்.

மார்ச் 15
மகளை நானே கூப்பிட்டேன். "டாக்டர் நம்பர் சொல்லு" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

மார்ச் 27
ஆஸ்பத்திரி போனோம். இவரே ஓட்டினார், ஒவ்வொரு திருப்பத்திலும் எந்தப் பக்கம் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மகள் ஆபீசிலிருந்து நேராக அங்கே வந்திருந்தாள். டாக்டர் மூளை ஸ்கேன் படங்களைக் காட்டி நிதானமாகப் பேசினார். ஞாபகம் இனி தேய்ந்துகொண்டுதான் போகுமாம், வேகத்தைக் குறைக்க மாத்திரை உண்டாம். இவர் நடுவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வண்டி ஓட்டலாமா?" டாக்டர் மகளைப் பார்த்தார். "சரி, புரிஞ்சுது" என்று இவரே எழுந்துவிட்டார்.

மகள், "நான் ஓட்டிட்டு வரேன்ப்பா" என்றாள். "உங்கம்மாகிட்ட லைசென்ஸ் இருக்கு. தூங்கிட்டுத்தானே இருக்கு, எழுப்பட்டும்" என்றார்.

வெளியே வந்ததும் பழக்கத்தில் ஓட்டுகிற பக்கத்துக்கே போனார். கைப்பிடியில் கை வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, "ஏறு" என்றார். சுற்றிவந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார்.

"சீட்ட முன்னால இழுத்துக்க. உனக்குக் கால் எட்டாது."

இழுத்துக்கொண்டேன்.