தவத்துக்கு ஒரு சீற்

ஒக்டோபர் 9
அம்மா இன்று முடிவாகச் சொல்லிவிட்டா. "கம்பஸ் படிப்பு வேண்டாமெண்டு வந்தனீ. சரி. வீட்டில இருந்து படம் கீறினது காணும் ஜெயரூபி. கந்தளாயில மாமாவின்ர கடையில போய்க் கல்லாவில இரு."
25ஆந் திகதி நூலகத்தில் வாசிப்பு மாதக் கண்காட்சி. அன்று என் சித்திரக்கதை மேசையில் இல்லாவிட்டால் போகிறேன் என்றேன்.
"சொன்ன சொல்லு மாறக்கூடாது."
ஓம். பார்ப்பம்.

ஒக்டோபர் 12
நாயகன் புயல்வேந்தன். பறப்பான். பறக்கும்போது செருப்பு கழன்று விழும். அதைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் போகிறவன் தவம். தவத்துக்கு ஒரு சக்தியும் கிடையாது. புயல்வேந்தன் கண் மூடித் திறக்க முன் மூதூரில் நிற்பான்; தவம் கிண்ணியா சுற்றி பஸ்ஸில், இடமில்லாமல் நின்றுகொண்டு, செருப்பை நெஞ்சோடு அணைத்தபடி.
கூட்டாளி முனீப்பின் போட்டோகொப்பிக் கடையில்தான் பிரதி அடிக்க வேண்டும். அவன் பார்த்துவிட்டு, "செருப்புத் தூக்கிற ஆள ஆரு ரூபி வாசிக்கிற? சண்டையக் கூட்டு" என்றான்.
கூட்டினேன். எரிச்சலோடு.

ஒக்டோபர் 20
சண்டைப் பக்கங்கள் முடிந்தன. நல்லாத்தான் வந்திருக்கு.

ஒக்டோபர் 21
மான். மான்!
மான்கள் திரியும் கோட்டைக்குள்ளே மரநிழலில் இருந்து சண்டைப் பக்கங்களுக்குக் கடைசி மை போட்டேன். காய்ந்ததும் வடை இருந்த பையிலேயே வைத்தேன். தண்ணி குடிக்கத் திரும்பினதுதான். கோயிலுக்கு வாற வெளியூர்ச் சனம்தான் மானுக்கு முன்னால பையை வைக்கும். நான் திருகோணமலையிலயே பிறந்தனான்! எண்ணெய் பட்ட தாளை அது விடுமா? புயல்வேந்தன், கடல் அரக்கன் — எல்லாத்தையும் சப்பித் திண்டிட்டுது. வடையையும்.
தவத்தின் பக்கங்கள் வீட்டில் கிடந்ததால் தப்பின.
நான் அழேல்ல. கந்தளாய்க்குப் போகவும் மாட்டன்.

ஒக்டோபர் 22
அத்தனை சண்டையையும் திரும்பக் கீற ஏலாது. ஏன் கீற வேண்டும்? பஸ்ஸில் நிற்கிறவனுக்குச் சண்டை எப்படித் தெரியும்? ஜன்னலுக்கு வெளியே ஒரு வெளிச்சம். "என்னடா மின்னுது?" என்கிறார் கொண்டக்டர். ஒரு அன்ரி கருவாட்டுப் பையைத் தவத்தின் காலில் வைக்கிறா. அவ்வளவுதான். வென்ற புயல்வேந்தன் மூதூர்க் கடற்கரையில், உச்சி வெயிலில், வெறுங்காலோடு துள்ளுகிறான்: "சுடுது தவம்! கெதியா வாடா!"

ஒக்டோபர் 24
கை விறைச்சுப் போச்சு. முடித்தேன்.
முனீப் தாளைப் புரட்டினான். "ஹீரோ எங்க?"
"வானத்தில. எங்களுக்கென்ன தெரியும்? நாங்கள் பஸ்ஸில போறாக்கள்."
முறைத்தான். கடைசிப் பக்கத்தில் சிரித்துவிட்டான். மெஷினைப் போட்டான்.

ஒக்டோபர் 25
முனீப்பின் மோட்டார் சைக்கிளில் பாய்ந்து ஏறின அவசரத்தில், புத்தக அட்டைகள் இருந்த கட்டை வீட்டிலேயே விட்டுவிட்டேன். நூலக மேசையில் அட்டையில்லாத மொட்டைக் கதை. என்ன செய்வது என்று நிற்கிறேன், அம்மா வாறா. நிலாவெளி பஸ்ஸில். அட்டைக் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி, வேர்த்து ஒழுகி.
"இருக்க இடமில்ல. நிண்டுகொண்டுதான் வந்தனான்" என்றா.
பிறகு ஒரு பிரதியை எடுத்து, நின்றபடியே கடைசிவரை வாசித்தா.
"பாவம் இந்தப் பெடியன். இருக்க ஒரு சீற் குடன் பிள்ளை."
பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் தவத்தை ஜன்னலோரம் இருத்திக் கீறினேன். குசினியில் அம்மா மாமாவோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தா.
"இல்ல தம்பி, வேற ஆளைப் பார். அவளுக்கு இஞ்ச வேலை கிடக்கு."