புகைபோக்கிக்காரி வந்த செவ்வாய்க்கிழமை

அக்டோபர் 9, திங்கள்

பள்ளிச் சமையலறையில் இன்று நானூறு பேருக்கு மாக்கரோனி. தோள்பட்டை கழன்றுவிட்டது. வீட்டுக்கு வந்தால் ரெய்னோ வழக்கம்போலக் கீழ்த்தளத்தில் இருக்கிறான். வீட்டைச் சூடாக்குகிற பாய்லர் பக்கத்தில் கதகதப்பாக இருக்கும் என்று அங்கேதான் மேசையைப் போட்டு வைத்திருக்கிறான். தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி ஈ மாதிரி கட்டுவது ஓய்வு பெற்றதிலிருந்து அவனுக்கு முழு நேர வேலை. இன்று கட்டிக்கொண்டிருந்தான் என்று எழுத முடியாது. நூலைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

"இதுக்கு அடுத்து என்ன பண்ணணும்?" என்று என்னைக் கேட்டான்.

நாற்பது வருஷமாகக் கட்டுகிறவன். எனக்கு அதில் ஒரு முடிச்சுகூடத் தெரியாது.

அக்டோபர் 15, ஞாயிறு

மகள் ஜனெல் மினியாபொலிஸிலிருந்து வந்துவிட்டுப் போனாள். அப்பாவுக்குப் பிடித்த மீன் சூப்பை அவளே செய்தாள். அவன் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு, ஐலி" என்றான். ஐலி என் தங்கை. மகள் முகம் மாறவில்லை. பிறகு காரில் போய் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

கிளம்பும்போது, ஞாபக மறதிக்காரர்களுக்கான ஒரு இல்லத்தின் படிவத்தை மேசையில் வைத்தாள். வசந்த காலத்தில் ஒரு அறை காலியாகுமாம். "நீ வேலைக்குப் போனப்புறம் அப்பா ஒன்பது மணி நேரம் தனியா இருக்காரும்மா. போன குளிர்காலத்துல அடுப்பை அணைக்காம விட்டாரு. நாம அதுக்காகக் காத்திருக்கவா?"

எதற்காக என்று அவள் சொல்லவில்லை. வீட்டை விற்றால்தான் இல்லம். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

அக்டோபர் 21, சனி

முதல் பனி. பாய்லர் காலையிலிருந்து நிற்கவே இல்லை.

அக்டோபர் 28, சனி

வீடு விற்றுக் கொடுக்கிறவர் வந்து சுற்றிப் பார்த்தார். உட்காரும் அறையில் கணப்புக்கு மேலே சுவரில் இருக்கிற பழுப்புக் கறையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மழை பெய்யும்போதெல்லாம் அது பெரிதாகிறது. முதலில் தட்டு அளவு இருந்தது, இப்போது கன்றுக்குட்டி மாதிரி. இதைச் சரிசெய்யாமல் யாரும் வாங்க மாட்டார்கள் என்றார்.

அந்த அறையை ரெய்னோவும் அவன் அண்ணனும் சேர்த்துக் கட்டினார்கள். ஜனெல் அப்போது வயிற்றில். செங்கல் வைத்துக் கட்டின கணப்பு இல்லை அது. தொழிற்சாலையிலேயே செய்து பெட்டியாக லாரியில் வந்தது. அதைச் சுற்றி மரச்சட்டம் அடித்து, பலகை போர்த்தி, உள்ளே இரும்புக் குழாயை விட்டு, உச்சியில் தகரம் மூடி, புகைபோக்கி என்று பேர் வைத்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள்.

புகைபோக்கி வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டிருக்கிறேன். அடுத்த மாதம் பதினான்காம் தேதி வருகிறார்களாம்.

நவம்பர் 2, வியாழன்

டாக்டரிடம் போனோம். முக்கால் மணி நேரப் பயணம். ஏறும்போது கோட்டு எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் நின்றவன், பாதி வழியில் தெளிந்துவிட்டான். ஏரியில் நின்ற இரும்புத் தாதுக் கப்பலைப் பார்த்து அது எத்தனை அடி நீளம் என்று சொன்னான். முப்பத்தாறு வருஷம் அந்தக் கப்பல்களுக்கு ரயிலில் தாது கொண்டுபோய்க் கொட்டினவன். டாக்டர் கேட்டதற்கெல்லாம் ஓரளவு பதில் சொன்னான். கடிகாரம் வரையச் சொன்னார்கள், வரைந்தான். நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரும் என்றார் டாக்டர்.

எனக்குக் கோபம் வந்தது. இதை எழுதுகிறபோது கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். திரும்பும்போது கேட்டேவிட்டேன்: "ஊரார்கிட்ட எல்லாம் நல்லாத்தான் பேசறே. வீட்டுல மட்டும் ஏன் இப்படி?"

அவன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். "வீட்டுல இருந்தா தலைக்குள்ள பஞ்சை அடைச்ச மாதிரி இருக்கு, ஆர்டிஸ்."

உனக்கு எதுக்கெடுத்தாலும் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 14, செவ்வாய்

மருத்துவமனையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரெய்னோ தூங்குகிறான். மூஞ்சியில் ஆக்ஸிஜன். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் வேனில் இரண்டு பேர் வந்தார்கள். லோர்னா என்று ஒருத்தி, நாற்பத்தைந்து இருக்கும், குட்டையாக, கரி படிந்த தொப்பி. அவளோடு கோர்டி, ஆறடிக்கு மேல், அவள் பத்து வார்த்தை சொன்னால் இவன் ஒன்று சொல்வான். நான் பள்ளிக்கு லீவு போட்டிருந்தேன்.

லோர்னா கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, போனில் படம் காட்டினாள். கணப்புக்கு மேலே இருக்கிற மரப்பெட்டியின் தகர மூடி துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. நடுவில் குழிந்து, அதில் தண்ணீர் குளம் மாதிரி நிற்கிறது. பெட்டிக்குள் சட்டமெல்லாம் உளுத்து, விரலால் குத்தினால் உள்ளே போகிறது. "யாரு வச்ச மூடி இது?" என்றாள். நான்தான் என்றான் ரெய்னோ, படிக்கட்டில் பாதியில் நின்றுகொண்டு. "அப்ப சரி. இத்தனை வருஷம் நின்னதே பெருசு. குறை சொல்லல." அவன் சிரித்துவிட்டுத் திரும்பக் கீழே போய்விட்டான்.

வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். அவளைக் கூப்பிட்டது அந்தக் கறைக்குத்தான். ஆனால் கூரையில் இருக்கும்போது வீட்டின் மறுபக்கத்துப் பழைய செங்கல் புகைபோக்கியையும் அவள் எட்டிப் பார்த்திருக்கிறாள். அதற்கு மூடியே இல்லை, காற்றில் எப்போதோ போயிருக்கிறது. எதுக்கு அந்தப் புகைபோக்கி என்று கேட்டாள். பாய்லருக்கு என்றேன். உள்ளே விளக்கடித்தால் பத்தடிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, கீழே போய்ப் பார்க்கலாமா என்றாள்.

அவள் இடுப்பில் தீப்பெட்டி அளவு ஒரு கருவி தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்துப் படியில் நாலாவது படி இறங்கினதும் அது கத்த ஆரம்பித்தது. அவள் அதைப் பார்த்தாள். ரெய்னோவைப் பார்த்தாள். அவன் விளக்கடியில் நூலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இவரு தினம் இங்கதான் உட்காருவாரா?"

ஆமாம் என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

நாள் பூரா என்றேன்.

"சரி. எல்லாரும் வெளிய போறோம். இப்பவே. கோட்டு வேண்டாம், ஒண்ணும் எடுக்க வேண்டாம்." குரலை உயர்த்தவே இல்லை. கோர்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, ரெய்னோவை அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். லோர்னா போகிற போக்கில் பாய்லரை அணைத்தாள். எங்களை வேனில் ஏற்றி ஜன்னலை இறக்கிவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள்.

புகைபோக்கிக்குள் வரிசையாக இருக்கிற சுட்ட மண்குழாய்கள் மழையும் பனியும் இறங்கி வெடித்து, உடைந்து, உள்ளேயே விழுந்து அடைத்துக்கொண்டிருக்கின்றன. பாய்லர் விடுகிற புகைக்குப் போக வழி இல்லை. திரும்பக் கீழ்த்தளத்துக்கே வந்திருக்கிறது. அதில் இருக்கிற, நாள்பட மூளையை மழுங்கடிக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. இரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம். ரெய்னோவுக்கு — டாக்டர் எண்ணைச் சொல்லிவிட்டு, எவ்வளவு நாளா இப்படி என்று என்னைக் கேட்டார்.

போன குளிர்காலம் முழுக்க. கோடையில் நன்றாக இருந்தான். கோடையில் பாய்லர் ஓடாது. ஐயோ, கோடையில் நன்றாக இருந்தானே. நான் ஏன் அதை யோசிக்கவில்லை?

நவம்பர் 15, புதன்

எல்லா வீட்டிலும் இருக்கிற மாதிரி எங்கள் வீட்டிலும் அந்த வாயுவுக்கு ஒரு அலாரம் இருந்தது. கீழ்த்தளச் சுவரில். இந்த வருஷம் ஜனவரியில் கீச் கீச்சென்று விட்டு விட்டுக் கத்திக்கொண்டே இருந்தது. பேட்டரி மாற்றினேன், நிற்கவில்லை. கழற்றி சமையலறை இழுப்பறையில் போட்டேன்.

நான்தான் போட்டேன். என் கையால்.

நவம்பர் 19, ஞாயிறு

ஐலி வீட்டில் இருக்கிறோம். ஐந்து நாளாகத் தலைவலி என்ற வார்த்தையே ரெய்னோ வாயிலிருந்து வரவில்லை. காலையில் ஐலியின் குறுக்கெழுத்தைப் பிடுங்கி முக்கால்வாசி முடித்துவிட்டான். ஜனெல் போனில் கூப்பிட்டபோது, "என்னடி குட்டி, அந்த மேனேஜர் இன்னும் உன் உயிரை வாங்கறானா?" என்றான். அந்தப் பக்கம் மூக்குறிஞ்சுகிற சத்தம்.

மத்தியானம் அலாரத்தைப் பற்றி அவனிடம் சொன்னேன். நாலு நாளாகச் சொல்ல வாய் வரவில்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும் வரை கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"கத்துனது எனக்கும் கேட்டுச்சு. நீ கழட்டினப்போ நிம்மதியா இருந்துச்சு."

இல்லை ரெய்னோ, நான் சொல்றது உனக்குப் புரியலை என்றேன்.

"புரியுது. எனக்கு இப்ப எல்லாம் புரியுது, அதான் விசேஷம். நீயும் தினம் அதே வீட்டுலதான் தூங்கினே, ஆர்டிஸ். தெரிஞ்சா தூங்கியிருப்பியா?"

எனக்கும் ஒரு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தான்.

பிறகு லோர்னாவிடமும் போனில் சொன்னேன். அந்த அலாரப் பெட்டியைத் திருப்பிப் பின்னால் என்ன வருஷம் போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். ஐலியின் மாப்பிள்ளை போய்ப் பார்த்துவந்தான். ஆயுள் முடிந்து பல வருஷம் ஆகியிருக்கிறது. என்னை மாற்று என்றுதான் அது கீச்சிட்டிருக்கிறது. சுவரிலேயே இருந்திருந்தாலும் வாயுவைப் பார்த்துக் கத்தியிருக்குமா என்பது சந்தேகம்தான் என்றாள். அது ஆறுதலா? கொஞ்சம் ஆறுதல்தான். மாற்று என்றதை நான் கேட்கவில்லை என்பதும் உண்மைதான்.

நவம்பர் 27, திங்கள்

வேலை நடக்கிறது. பார்த்துவிட்டு வரலாம் என்று இரண்டு பேரும் போனோம். ரெய்னோவைக் கீழ்த்தளத்துக்கு விட மாட்டேன் என்றேன். சரி டாக்டரம்மா என்று முற்றத்தில் நாற்காலி போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

செங்கல் புகைபோக்கியின் அடியில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அது வழியாக உடைந்த மண்குழாய்த் துண்டுகளை எடுத்து எடுத்து வாளியில் போட்டார்கள். பதினோரு வாளி. ஒன்றில் ஒரு அணில், காய்ந்து சருகாக. உள்ளே சுத்தமானதும் லோர்னா கூரையிலிருந்து புது உள்குழாயை இறக்கினாள். துருப்பிடிக்காத எஃகு, யானைத் தும்பிக்கை மாதிரி வளைகிறது. கீழே கோர்டி கயிற்றைப் பிடித்து மெதுவாக இழுத்தான். நடுவில் ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டது. லோர்னா அதைக் குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி திருப்பித் திருப்பி அசைத்தாள். "எறங்கு கண்ணு, எறங்கு" என்று அதோடு பேசுகிறாள். இறங்கிவிட்டது.

இந்தப் பக்கம் கணப்பின் மரப்பெட்டியை உரித்து வைத்திருக்கிறார்கள். சட்டம் கறுத்து, நாலில் மூன்று பங்கு மண்ணாகிவிட்டது. உள்ளிருந்த இரும்புக் குழாயின் மூட்டுகள் துருவில் விட்டுப்போயிருந்தன. ஒரு தடவை பெரிதாக நெருப்பு மூட்டியிருந்தால் அந்த மரத்துக்குத்தான் பிடித்திருக்கும் என்றாள். நாங்கள் இரண்டு வருஷமாகக் கணப்பே மூட்டவில்லை. கறை அசிங்கமாக இருக்கிறது என்று நான் அந்த அறைக்கே போவதில்லை.

புது மூடியைத் தரையில் வைத்து எனக்குக் காட்டினாள். நடுவில் மேடு, நாலு பக்கமும் சரிவு, விளிம்பு கீழே மடிந்திருக்கிறது. தண்ணீர் எங்கே விழுந்தாலும் வெளியேதான் போக வேண்டும். ரெய்னோ நாற்காலியிலிருந்து எழுந்து வந்து விளிம்பைத் தடவிப் பார்த்தான். "நான் தட்டையா வச்சுட்டேன்" என்றான். "அப்ப எல்லாருமே தட்டையாத்தான் வச்சாங்க. அதனாலதான் எனக்கு வேலை" என்றாள் லோர்னா.

அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் நிறைய வைத்திருந்தேன். காபி வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

டிசம்பர் 5, செவ்வாய்

டாக்டர் மறுபடி சோதித்தார். போன தடவையைவிட எவ்வளவோ மேல். ஆனால் எல்லாம் திரும்பாது என்றார். போன குளிர்காலத்தில் நடந்தது பெரும்பாலும் ரெய்னோவுக்கு ஞாபகத்தில் இல்லை. அவன் அண்ணனின் சவ அடக்கம் பிப்ரவரியில் நடந்தது. அதுகூட அவனுக்கு நினைவில்லை. சவப்பெட்டியைத் தூக்கினவர்களில் இவன் ஒருவன்.

காரில் வரும்போது நான் அதைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு வந்தான். யார் வந்தார்கள், பாதிரியார் என்ன பேசினார், என்ன குளிர், எல்லாம். கடைசியில் "நான் அழுதேனா?" என்று கேட்டான். அழுதாய் என்றேன். சரி என்று தலையாட்டினான்.

டிசம்பர் 8, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். புது அலாரம் நாலு. பாய்லரை மூட்டினதும் லோர்னா புகையூதும் சின்னக் குச்சி ஒன்றை அதன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். புகை அப்படியே உள்ளே போய் மேலே ஏறியது. நானும் ஒரு தடவை பிடித்துப் பார்த்தேன். இன்னொரு தடவையும்.

டிசம்பர் 16, சனி

ஜனெல் வந்திருக்கிறாள். வீடு விற்பனைக்கு என்று முற்றத்தில் நட்டிருந்த பலகை இனி வேண்டாம் என்று வீடு விற்றுக் கொடுக்கிறவரிடம் சொல்லிவிட்டேன். பனி உறைந்து பலகையின் கால் மண்ணோடு ஒட்டிக்கொண்டது. அப்பாவும் மகளும் கெட்டிலில் வெந்நீர் கொண்டுபோய் ஊற்றிப் பிடுங்கினார்கள். இவள் வழுக்கி விழுந்தாள், அவன் தூக்கிவிடப்போய் அவனும் விழுந்தான். இரண்டும் எழுந்திருக்காமல் பனியில் கிடந்து சிரிக்கிறதுகள்.

ஜனவரி 20, சனி

கடைக்குப் போயிருந்தோம், நானும் ரெய்னோவும். வெளியே வந்தால் காரை எங்கே நிறுத்தினேன் என்று எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. பனி கொட்டி எல்லாக் காரும் ஒரே வெள்ளை மூட்டை. இரண்டு பைகளோடு வரிசை வரிசையாக நடந்தேன். யாரோ ஒருத்தர் காரின் கதவைப் பிடித்து இழுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டேன், உள்ளே ஆளே இல்லை.

ரெய்னோ பின்னால் வந்துகொண்டே இருந்தான். மூன்றாவது வரிசையில் திரும்பிப் பார்த்தேன். சிரிப்பை அடக்கி அடக்கி அவன் முகம் சிவந்திருந்தது.

"கடைவாசல்லயே நிறுத்தினே, கிழவி. வெளிய வந்ததும் அதைத் தாண்டித்தான் நடந்தே."

முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே என்றேன்.

"நீ எங்க வரைக்கும் போறேன்னு பார்த்தேன்."

நல்லா திட்டினேன். அவன் பைகளை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். மறந்துபோனது நான் என்பதும், நினைவு வைத்திருந்தது அவன் என்பதும் வீடு வந்து சேர்ந்து, முட்டையை எடுத்து வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.