மாடு தொடாத பச்சை

என் அன்பானவளுக்கு,

மகளும் மாடுகளும் சுகம். என் சுகத்தைப் பற்றி இதைப் படித்து முடித்ததும் நீயே ஒரு முடிவுக்கு வந்துகொள். எழுத உட்கார்ந்து நாலு தடவை எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டேன். மாடுகளுக்கே என்னைப் பார்த்துச் சலித்துவிட்டது.

நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, மேய்ச்சல் நிலம் தேறிவிட்டது, இனி ஆஸ்பத்திரி வேலைக்கு இன்னும் இரண்டு வருடம் என்று கையெழுத்துப் போட மாட்டேன், வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். மகள் வீடு முழுக்கக் குதித்தாள். நான் அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

படம் பொய்யில்லை. புல் முழங்கால் உயரம், கருகருவென்று நிற்கிறது. ஆனால் ஒரு மாடும் வாய் வைக்கவில்லை. சாணத்தை ஆறு மாதம் மக்கவிடு, மாதம் ஒரு தடவை கிளறிக் கொடு என்று படித்துப் படித்துச் சொன்னாயே! நான் இரண்டாம் மாதமே வாரி இறைத்துவிட்டேன். உன் கையெழுத்துத் தேதிக்குள் பச்சையைக் காட்டிவிட வேண்டும் என்ற வெறி. நம் மொட்டைக்கொம்புப் பசு மோந்து பார்க்கிறது, தும்முகிறது, வேலியோரம் போய்க் காய்ந்ததைக் கடிக்கிறது. பால் பாதியாகிவிட்டது. மாட்டு டாக்டரம்மா வந்து பார்த்து, தட்டுக்குப் பக்கத்துல கக்கூஸ் நாத்தம் அடிச்சா நீங்க சாப்பிடுவீங்களா என்று கேட்டார். மழைக்காலம் ஒன்று போனால்தான் வாடை அடங்குமாம்.

இன்னொன்று. நீ கிளம்பும் முன் தொழுவத்துக்குப் பின்னால் குவித்துவிட்டுப் போன எருவைத்தான் முதலில் கிணற்று மூலையில் போட்டேன். டீத்தூள் மாதிரி உதிர்ந்தது, வாடையே இல்லை. அது தீர்ந்ததும் பொறுக்காமல் புதியதை அள்ளினேன். அந்த மூலையில் மட்டும் ஐந்து மாடும் முட்டி மோதி மேய்கின்றன. மொட்டையாகக் கிடக்கிறதே என்று அதை விட்டுவிட்டுப் படம் எடுத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

ஆக, இந்த வருடம் நிலம் நம்மைத் தாங்காது. நீ கையெழுத்துப் போட்டால் கோபப்பட எனக்கு வாயில்லை. மகளிடம் இன்னும் சொல்லவில்லை. உன் அலமாரியைத் துடைத்து வைத்திருக்கிறாள்.

புதுக் குவியலைக் கிளறுவதோடு சரி, இனி அவசரப்பட்டு அள்ள மாட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடு. கையெழுத்துப் போடுவதானால் போட்டுவிட்டு எழுது. போடலாமா என்று மட்டும் கேட்டு எழுதாதே. கேட்டால், வேண்டாம், வந்துவிடு என்று கெஞ்சிவிடுவேன்.

இப்போதே கெஞ்சிவிடாமல் பேனாவை மூடும்,
உன் அவசரக்காரன்