கெட்டிலில் தண்ணீர்

ஆட்டுக்காவல் வீடு,
19 ஜூன் 1967

அன்புள்ள அம்மா,

நான் நலம். ஆடுகளும் நலம். அப்பா தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுதுகிறேன். வெளிச்சம் அவர் கட்டில் பக்கம் போகாதபடி மெழுகுவத்தியை வாளிக்குள் வைத்திருக்கிறேன். குளிர்கால விடுமுறை, பள்ளிக்கூடம் ஆகஸ்ட் கடைசிவரை மூடியிருக்கும். அதுவரை அப்பாவும் நானும்தான்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கிய ஒன்றைச் சொல்கிறேன். ஏப்ரலில் அவர் நீ இருக்கும் காஜேகோஸுக்கு வந்தது ஆஸ்பத்திரிக்கு. இதயம் பலவீனமாம். குளிர்காலம் முடியும்வரை உப்பைக் குறைக்க வேண்டும். அடுப்படிச் சூட்டிலிருந்து வெறும் சட்டையோடு பனிக்குள் போகக் கூடாது. காலை உறைபனியில் கோடரியைத் தொடக் கூடாது. தினமும் இரண்டு மாத்திரை. சின்னது இதயத்துக்கு. வெள்ளை, உடம்பில் தேங்கும் நீர் இறங்க. வெள்ளையைக் காலையில் போடச் சொன்னாராம் டாக்டர். "காலையில குதிரை ஏறணும்டி, ராத்திரி போட்டுக்கறேன்" என்கிறார் அப்பா.

அவர் எழுவதற்கு முன் நான் விறகு பிளந்துவிடுகிறேன். விரல்கள் மரத்துப்போய்விடும், அதனால் வலிப்பதில்லை. உப்புக்கறியை மூன்று தடவை தண்ணீர் மாற்றி ஊறவைத்துச் சமைத்தேன். "இது கறியா, துவைச்ச கம்பளியா?" என்றார். ஆனால் சாப்பிட்டார்.

நேற்று விறகுப்பெட்டியின் அடியில் வெள்ளை மாத்திரைகள் கிடந்தன. பதினொன்று. அவர் கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. சாமான் லாரி ஓட்டும் எலெவுதேரியோ மாமா பார்த்துவிட்டு, "யோவ் பால்தொமேரோ, என்னய்யா, ஈனப்போற ஆடு மாதிரி ஆயிட்ட?" என்றார். "பூட்ஸ் சுருங்கிப்போச்சுய்யா. குளிருக்குத் தோல் சுருங்காதா?" என்றார் அப்பா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்பாவுக்குச் சாக வேண்டும் போலிருக்கிறதா, அம்மா? இரவெல்லாம் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். அது நின்றால் நானும் நிறுத்திக்கொள்கிறேன். மறுபடி வந்த பிறகுதான் விடுகிறேன்.

நீ வர வேண்டும். மாமா இதைக் காலி மாத்தே டீ இலைச் சாக்கில் ஒளித்துக் கொண்டுவருவார். பதிலையும் அப்படியே அனுப்பு.

உன் நெலிதா


ரியோ காஜேகோஸ்,
3 ஜூலை 1967

என் கண்ணு நெலிதா,

ஹோட்டல் சலவை அறையில் நின்றபடியே உன் கடிதத்தைப் படித்தேன். இஸ்திரிப் பெட்டியின் கீழ் ஒரு மேசைவிரிப்பு கருகிவிட்டது. போகட்டும்.

அப்பாவுக்குச் சாகும் ஆசை கிடையாது. அந்த மனுஷரை எனக்குத் தெரியும். வெள்ளை மாத்திரை போட்டால் இரவில் மூன்று நான்கு தடவை மூத்திரம் போக எழ வேண்டியிருக்கும். கழிப்பறை, வீட்டு வாசலிலிருந்து நாற்பத்தோரு காலடி. பனியில் வழி தவறாமலிருக்கக் கட்டிய அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எத்தனை குளிர்காலம் நடந்திருக்கிறேன்! வீடோ ஒரே அறை. நீ கைக்குழந்தையாக இருந்தபோதே, உன் காதில் விழக் கூடாது என்று பனிப்புயலில் வெளியே போனவர் அவர். இப்போது உனக்குப் பதின்மூன்று வயது. மாத்திரையைத் துப்புவது அதற்காகத்தான்.

மூடி போட்ட வாளி ஒன்றை அவர் கட்டிலடியில் வை. நடுவில் ஒரு கம்பளியைத் தொங்கவிடு. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே.

நான் வருவது சரியாக இருக்காது. என்னைப் பார்த்தால் இன்னும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். இரண்டே இரண்டு கையுறைகள் பின்னி அனுப்பியிருக்கிறேன், உனக்கு. அவர் என்னைப் பற்றி எப்போதாவது கேட்கிறாரா?

அம்மா


ஆட்டுக்காவல் வீடு,
17 ஜூலை 1967

அன்புள்ள அம்மா,

கையுறை அளவாக இருக்கிறது. உன்னைப் பற்றி அவர் கேட்பதில்லை.

கம்பளியைக் கட்டினேன். வாளியை வைத்தேன். அப்பா பார்த்தார். "யாருடி இங்க செத்துட்டிருக்கா? எடு அதை!" என்று ஒரே உதை. வாளி முற்றத்தில் போய் விழுந்தது. ஆனால் அன்று இரவு வெள்ளை மாத்திரையை என் கண் முன்னாலேயே விழுங்கிக் காட்டினார், கோபத்தில்.

அன்றைக்குத்தான் கடுங்குளிர். ஜன்னலின் உட்புறமே பனி கட்டியிருந்தது. முதல் தடவை போய் வந்தார். இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவை வெறும் சட்டையோடு போனார். நாற்பத்தொன்று போக, நாற்பத்தொன்று வர என்று எண்ணினேன். இருநூறு தாண்டிவிட்டது.

போய்ப் பார்த்தேன். பாதி வழியில் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நெஞ்சில் வைத்து நின்றிருந்தார்.

"என்னப்பா?"

"நட்சத்திரம் பாக்குறேன். போய்ப் படு."

பனி கொட்டிக்கொண்டிருந்தது, அம்மா. ஒரு நட்சத்திரமும் இல்லை.

அவர் கையை என் தோளில் போட்டு உள்ளே இழுத்துவந்தேன். விடியும்வரை அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாக இருந்தது. நான் அழவில்லை. ஒன்றுமே தோன்றவில்லை, விறகு பிளந்த பிறகு விரல் இருக்குமே, அப்படி. காலையில் வாளியைத் தேடி எடுத்து மறுபடி வைத்தேன். உதைக்கவில்லை. அதில் போகவும் இல்லை. மறுபடி மாத்திரை விறகுப்பெட்டிக்குப் போகிறது.

நெலிதா


ரியோ காஜேகோஸ்,
31 ஜூலை 1967

என் கண்ணு,

படித்த கையோடு முதலாளியம்மாவிடம் விடுப்புக் கேட்டுவிட்டேன், சரி என்றாள். லாரியில் ஓர் ஆள் உட்கார இடம் இருக்கிறது என்கிறார் எலெவுதேரியோ. வரட்டுமா? ஒரே ஒரு வரி எழுது, போதும்.

அம்மா


ஆட்டுக்காவல் வீடு,
14 ஆகஸ்ட் 1967

அன்புள்ள அம்மா,

என் படுக்கையை அடுப்புக்குப் பின்னால் மாற்றிக்கொண்டேன். மூடி சரியாகப் பொருந்தாத நம் பழைய கெட்டிலை இரவு முழுக்க அடுப்பில் விட்டுவைக்கிறேன். கொதிக்கும்போது மூடி தடதடவென்று ஆடும். வேறு எதுவும் காதில் விழாது. விழுந்தாலும் விழவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதல் இரவு ஒன்றுமில்லை. இரண்டாம் இரவும் இல்லை. மூன்றாம் இரவு, கெட்டில் சத்தத்துக்கு நடுவே வாளி மூடி ஒரு தடவை இடித்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பி அசையாமல் கிடந்தேன். நான் எழுவதற்கு முன்பே அவர் வாளியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். இப்போது தினமும் அப்படித்தான். விறகுப்பெட்டிக்கு அடியில் இப்போது தூசிதான் இருக்கிறது.

நேற்று லாரி வந்தது, நாளை திரும்பும் வழியில் இதை எடுத்துப்போகும். மாமா கீழே பார்த்துவிட்டு, "என்னய்யா, பூட்ஸ் பெருத்துப்போச்சா?" என்றார். "ஆமாய்யா, வெயில் வருதில்ல" என்றார் அப்பா. வெயில் எங்கே வருகிறது? கம்பளித்துண்டை வாய்வரை சுற்றிக்கொண்டுதான் வெளியே நின்றார்.

வரவேண்டாம், அம்மா. அந்த ஒரு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன், மெழுகுவத்தி பாதி ஆகிவிட்டது. நீ வந்தால் உனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். மறுபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போவார். இனி உன்னை எப்போது பார்ப்பேன் என்று தெரியவில்லை. அதை நினைக்காமல் இருக்கிறேன்.

இன்று காலை மாத்தே குடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் அப்பா சொன்னார்: "ராத்திரி நடுவுல கெட்டில் நின்னுபோச்சு. தண்ணி தீந்திருக்கும். நெறைய ஊத்தி வை."

ஊற்றி வைத்திருக்கிறேன்.

நெலிதா